அணுசக்திப் பாதுகாப்பில் உளவுத் தகவல் பகுப்பாய்வாளராகப் பணிபுரிவது எப்படி இருக்கும்?

நான் அரசின் உளவு அமைப்பு எதிலும் இல்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி ஆராயும் தனியார் நிறுவனமொன்றில், யாரும் பார்க்கக்கூடிய தகவல்களை மட்டும் வைத்துப் பகுப்பாய்வு செய்பவன். சுங்கப் பதிவுகள், டெண்டர் அறிவிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை வாசிப்பதிலேயே பொழுது போய்விடும். "இது அணுகுண்டுக்கான சரக்கா?" என்று கேட்பவரிடம் பெரும்பாலும் "இல்லை" என்று சொல்லி, ஏன் இல்லை என்பதை அவர் ஏற்கும்படி எழுதித் தருவதே இந்த வேலை.

2021 மே மாதம் மும்பையில் 7 கிலோவுக்குச் சற்று அதிகமான இயற்கை யுரேனியம் பிடிபட்டது நினைவிருக்கலாம். மதிப்பு 21 கோடி ரூபாய் என்று செய்திகள் பரபரத்தன. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் வகையான யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடுதான், ஆகவே அந்த 7 கிலோவில் இருந்தது ஏறத்தாழ 50 கிராம். ஒரு குண்டுக்குப் போதுமானதாகச் சர்வதேச அணுசக்தி முகமை கணக்கில் கொள்ளும் அளவோ, உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய 25 கிலோ யுரேனியம்-235. யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டும், அதாவது செறிவூட்டும் ஆலை இல்லாதவர் கையில் அந்தச் சரக்கு குண்டாக வழியே இல்லை. அடுத்த மாதம் ஜார்க்கண்டின் பொகாரோவில் சிக்கியது யுரேனியமே இல்லை என்று அணுசக்தித் துறை சொல்லிவிட்டது. (இத்தகைய வழக்குகளில் சொல்லப்படும் கோடிகளை நான் ஒருபோதும் குறித்துக்கொள்வதில்லை. விற்பவர் சொன்ன விலையே செய்தியாகிறது. வாங்க வந்தவர் பல வழக்குகளில் மாறுவேடத்தில் வந்த காவலராக இருப்பார்.)

கடினமானவை இருபயன்பாட்டுப் பொருள்கள். மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றும் இன்வெர்ட்டர் துணி ஆலையிலும் ஓடும், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தையும் ஓட்டும். 1970களின் இறுதியில் பாகிஸ்தான் பிரிட்டனில் வாங்கிய இன்வெர்ட்டர்கள் துணி ஆலைக்கென்றே கணக்குக் காட்டப்பட்டன. இன்று 600 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தரக்கூடிய வகை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், விலைப்பட்டியலில் எங்கள் கண் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது ஈராக்கின் அலுமினியக் குழாய் விவகாரத்தை. 2001இல் ஈராக்குக்குப் போன உறுதிமிக்க அலுமினியக் குழாய்ச் சரக்கொன்று ஜோர்டானில் மறிக்கப்பட்டது. இவை மையவிலக்கின் உள்ளே வேகமாகச் சுழலும் உருளைகளான சுழலிகளுக்கானவை என்று அமெரிக்க உளவுத் துறையின் பெரும்பான்மை முடிவு கட்டியது. மையவிலக்குகளை உண்மையில் வடிவமைத்துப் பழகிய எரிசக்தித் துறை நிபுணர்களோ ஒப்பவில்லை. குழாயின் வெளிவிட்டம் 81 மில்லிமீட்டர், நீளம் 900 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சுழலிக்கு அந்தச் சுவர் மிகவும் தடிமன். ஈராக் ஏற்கெனவே தயாரித்துவந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கோ அளவுகள் அப்படியே பொருந்தின. 1991க்கு முன்பே மாரேஜிங் எனும் மிக உறுதியான எஃகிலும் கார்பன் இழையிலும் சுழலி செய்து பார்த்த நாடு, எதற்காக அலுமினியத்துக்குத் திரும்ப வேண்டும்? அமெரிக்க உளவுத் துறையின் 2002 அக்டோபர் மதிப்பீட்டறிக்கையில் எரிசக்தித் துறையும் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்திருந்தும், 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல், நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குழாய்களின் மேற்பூச்சையும் நுணுக்கமான அளவுக் கட்டுப்பாட்டையும் சந்தேகத்துக்குரியவையாகக் காட்டினார். திறந்தவெளியில் கிடந்த பழைய குழாய்கள் அரித்துப்போனதால்தான் ஈராக்கியர் பூச்சு கேட்டார்கள் என்ற விளக்கம் எடுபடவில்லை. போருக்குப் பின் ஈராக் முழுவதும் தேடிய ஆய்வுக் குழுவும் மையவிலக்குத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டதற்கான சான்று எதையும் காணவில்லை.

நிபுணர்கள் சரியாகச் சொல்லியும் அது மேலிடம் எட்டும்போது அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனதே என்னை இன்றும் உறுத்துவது. அதனால் எங்கள் அறிக்கைகளில் ஒவ்வொரு முடிவின் அருகிலும் அதன் மீதான நம்பிக்கை உயர்ந்ததா, நடுத்தரமா, குறைந்ததா என்று எழுதுவதோடு, எந்தத் தகவல் வந்தால் முடிவை மாற்றிக்கொள்வோம் என்பதையும் எழுதுகிறோம். மூன்று செய்தித்தாள்களில் வந்த ஒரே செய்தி ஒரே செய்தி முகமையிலிருந்து பிறந்ததென்றால் அது ஒரு சான்றுதான், மூன்றல்ல. "ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்கும் மேலாளரிடம், அந்த ஒரு வரிக்குள்ளேயே ஐயத்தையும் சேர்த்து எழுதித் தரப் பழகவேண்டும். அடுத்த பக்கத்தில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்றும் கேட்பீர்கள். இயற்பியல், வேதியியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் இருந்தால் வரைபடத்தைப் பார்த்தே கேள்வி கேட்க முடியும்; அரசறிவியல் மட்டும் படித்தவர்கள் இங்கே நிபுணரின் வாயையே பார்த்திருக்க நேர்கிறது. பாரசீகம், ரஷ்யன், சீனம், கொரியன் இவற்றில் ஒன்றைச் செய்தித்தாள் வாசிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அணு ஆயுதப் பரவல் தடுப்பிலேயே முதுகலைப் படிப்பு அமெரிக்காவின் மான்டரேயில் இருந்தது; அதை மூடப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டில் படிக்கச் செலவும் அதிகம் என்பதால், முதலில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் சட்ட இணக்கப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன்.