வீட்டில் வைத்த தக்காளியையும் மிளகாயையும் எந்தப் பதத்தில் பறிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். தக்காளியும் மிளகாயும் பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒன்று. செடியிலேயே நன்றாகப் பழுக்க விட்டால்தான் ருசி கூடுமா என்பது மற்றது. நான் இருப்பது இலங்கையின் கிழக்கே களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில். எங்கள் மண்ணையும் வெயிலையும் வைத்துத்தான் சொல்லப் போகிறேன். மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வரை கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். மிளகாய் அப்படிப் பழுக்காது. நிறம் மாறத் தொடங்கிய மிளகாய் வேண்டுமானால் கூடையில் கிடந்து இன்னும் கொஞ்சம் சிவக்கும். முழுப் பச்சையாகப் பறித்தது பச்சையாகவே வாடி வதங்கும். அதனால் தக்காளியைக் கொஞ்சம் முந்திப் பறிக்கலாம், மிளகாயை எதற்குப் பறிக்கிறோம் என்பதைச் செடியில் நிற்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

தக்காளிக்கு வருவோம். பலரும் காம்புப் பக்கத்தைப் பார்த்து, இன்னும் பச்சைதானே என்று விட்டுவிடுகிறார்கள். தக்காளி பழுப்பது அடியிலிருந்து, அதாவது பூ உதிர்ந்த நுனியிலிருந்து. "அடியைப் பாரு மகள், மறுகா (பிறகு) பறி" என்று எங்கள் மாமி சொல்வது இதனால்தான். காய் முதலில் அடர்பச்சையை விட்டு வெளிறி, தோல் பளபளக்கும். பிறகு அடியில் நட்சத்திரம் போல ஒரு மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கீற்று விழும். காயில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நிறம் இருக்கும். அந்தச் செங்காய்ப் பதம் வந்துவிட்டால் பறித்துவிடலாம். பழுப்பதற்கு வேண்டிய எதிலீன் வாயுவை அந்த நேரம் காயே உண்டாக்கத் தொடங்கியிருக்கும். வீட்டுக்குள் வைத்தாலும் முழுப் பழமாகிவிடும், ருசியிலும் பெரிய குறை தெரியாது.

செடியிலேயே சிவக்க விட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். குளிரான மலைநாட்டில் சரி. இங்கே சித்திரையிலிருந்து ஆவணி வரை அடிக்கிற வெயிலில், அதுவும் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில், அது சரிவராது. தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன் 30 பாகை செல்சியசுக்கு மேலே சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த மாதங்களில் செடியில் நிற்கும் பழம் எத்தனை நாள் விட்டாலும் செம்மஞ்சளாகவே நிற்கிறது. சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால் உள்ளே கூழாகிவிடும், காம்பைச் சுற்றியுள்ள தோள்பட்டைப் பக்கம் மட்டும் மஞ்சளாகக் கட்டிபட்டுப் போகும். செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்தால், அதே செடியின் பழம் நல்ல சிவப்பாக வருகிறது. இதற்கு வெயில் தேவையில்லை. யன்னலோரம் வெயிலில் வைப்பதை விட்டுவிடுங்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே பத்திரிகைத் தாள் போட்டால் போதும். அவசரமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூட வையுங்கள், அதிலிருந்தும் எதிலீன் வரும். பழுக்காத தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 பாகைக்குக் கீழே போனால் பழுப்பது கெட்டு மணமும் போய்விடும்.

முந்திப் பறிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அணிலும் கொண்டைக்குருவியும். சிவப்பை நம்மைவிட அவை முந்திப் பார்த்துவிடும். மழையும் அப்படித்தான். மணல் தரையில் காய்ந்து நின்ற செடிக்குத் திடீரென்று பெருமழை கிடைத்தால், பழுக்கிற காய் நீரை இழுத்துத் தோல் வெடிக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வானம் இருட்டினால், நிறம் விழுந்த காய் எல்லாவற்றையும் நான் பறித்து உள்ளே கொண்டுவந்துவிடுவேன்.

ஒரு கவனம். சில காய்கள் மற்றவற்றுக்கு முன்பே, சிறிதாக இருக்கும்போதே சிவக்கும். சந்தோஷப்படாமல் திருப்பிப் பாருங்கள். அடி கறுத்து அமுங்கியிருந்தால் அது நுனி அழுகல். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. எங்கள் மணலில் இதற்கு முக்கியக் காரணம், ஒரு நாள் நிறையத் தண்ணீர் ஊற்றி மறுநாள் காயவிடுவதுதான். சின்னத் துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. இரண்டுமே காயை அவசரமாகப் பழுக்க வைக்கும். துளையிட்டவற்றைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். செடியடியில் விட்டால் புழு அடுத்த காய்க்குப் போகும்.

முழுப் பச்சையாகவே பறிக்க வேண்டி வந்தால், செடி பட்டுப்போகிற நேரத்தில் அது வருவதுதான், விளைந்ததா என்று தெரிய ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் கட்டி, கத்தி படும்போது விதை வழுக்கி விலகினால் அதே அளவுள்ள மற்றக் காய்கள் வைத்தால் பழுக்கும். விதையே வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. அதைத் தக்காளிக்காய்க் கறியாக வைத்துவிடுங்கள், தேங்காய்ப்பால் விட்டால் நன்றாகவே இருக்கும்.

பறிக்கும்போது இழுக்க வேண்டாம். காம்பில் ஒரு முட்டி இருக்கும். அங்கே பெருவிரலை வைத்துக் காயை மேலே தூக்கினால் தானே ஒடியும்.

இனி மிளகாய். பச்சை மிளகாய்க்கு நிறம் உதவாது, பிஞ்சும் பச்சை, விளைந்ததும் பச்சை. கையைத்தான் நம்ப வேண்டும். பிஞ்சு மெத்தென்று வளையும். விளைந்தது விறைப்பாக, தோல் மினுங்கிக்கொண்டு, ஒடித்தால் சத்தம் வரும். நாற்று நட்டு ஏறக்குறைய 2 மாதம் கடந்ததும் முதல் பறிப்பு வரும். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை செடியைச் சுற்றி வாருங்கள். விளைந்ததைப் பறிக்காமல் விட்டால் செடி தன் பலத்தை எல்லாம் அந்தக் காயின் விதைக்குக் கொடுத்து, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு செடி வைத்திருக்கும் வீடுகளில் பூ நின்றுவிட்டது என்று குறைப்படுவார்கள். நான் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் செடி நிறையச் சிவந்த காய் தொங்கும். தண்ணீர் குறைந்த செடியின் காய் உறைப்புக் கூடியதாக இருக்கும், அதையும் சமைக்கும்போது நினைவில் வையுங்கள்.

கறிமிளகாய், அதாவது கறிக்குப் போடும் உறைப்புக் குறைந்த பெரிய மிளகாய், வேறு. இங்கே அதிகம் கிடைக்கும் ஹங்கேரியன் யெலோ வக்ஸ் இனத்தில், வெளிர்பச்சை போய் மெழுகு பூசியது போன்ற மஞ்சள் வரும்போது சதை தடித்து, பால்க்கறிக்கும் பொரியலுக்கும் உகந்த பதமாக இருக்கும். அதன்பின் செம்மஞ்சளாகிச் சிவக்கும். சிவந்தால் இனிப்புக் கூடும், ஆனால் தோல் தடித்து, பழ ஈயும் தேடிவரும். கறிக்கு நான் மஞ்சளிலேயே எடுத்துவிடுவேன். குடைமிளகாய் வைத்திருந்தால் மாறாக, சிவக்கும்வரை காத்திருப்பது பலன் தரும், அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இவற்றைக் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். கையால் இழுத்தால் கிளையே முறிந்து வரும், மிளகாய்க் கிளைக்கு வலு குறைவு.

செத்தல் (காய்ந்த மிளகாய்) போட விரும்பினால் அவசரமே வேண்டாம். காய் முழுக்கச் சிவந்து, செடியிலேயே தோல் கொஞ்சம் சுருங்கட்டும். பாதி சிவந்ததை வெயிலில் போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பறித்ததை ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்து, நிறம் ஒரே சீராக வந்தபின் பாயில் பரப்புங்கள். விதைக்கும் இப்படி முழுக்கச் சிவந்த காய்தான். நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, அதில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விட்டால் அடுத்த போகத்துக்குக் காணும்.

எதைப் பறித்தாலும் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன். ஈரச் செடியில் கை வைத்தால் ஒரு செடியின் நோயை நாமே அடுத்ததுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், ஈரத்தோடு கூடையில் போட்ட மிளகாயும் காம்படியில் அழுகும். மருந்து அடித்திருந்தால் மட்டும் மேலே சொன்ன அடையாளம் எதையும் பார்க்க வேண்டாம். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும், அது கழியும்வரை பழம் பழுத்து உதிர்ந்தாலும் கை வைக்காதீர்கள்.