தொண்ணூறில் நாற்பத்தேழு

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறேன். இங்கே வந்த பிறகு கிரிக்கெட் மெல்ல விலகி, அமெரிக்கக் கால்பந்து என்னைப் பிடித்துக்கொண்டது. தோல்விக்குப் பேர்போன நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ரசிகன், அனுதாபம் வேண்டாம். மே மாதம் அட்டவணை வெளியானதும் நண்பர்கள் கூடி, எதிரணிகள் சென்ற ஆண்டு எத்தனை வென்றன என்று பார்த்து, எந்த வாரம் எளிது, எது கடினம் எனக் குறித்துவைப்போம். எந்த விவாதமும் கடைசியில், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கில் வந்துதான் நிற்கும். சென்ற பருவத்தில் வாரம் ஐந்து ஆட்டங்களுக்கு, ஒவ்வொன்றிலும் 110 டாலர் பந்தயம் கட்டினேன். 18 வாரங்களில் 90 கணிப்புகள், 47 சரி. பாதிக்கு மேல் வென்றும் பணம் குறைந்திருக்கிறது. மூன்று ஆட்டங்களைக் கோத்து, மூன்றும் சரியானால் மட்டுமே பணம் தரும் பார்லே கட்டு என்கிறார்கள் நண்பர்கள். ஆட்டம் தெரிந்தவனுக்கு இதில் எந்த அனுகூலமும் இல்லையா?

ஆர்., எடிசன்

அன்புள்ள ஆர்.,

பணம் எங்கே போனது என்பதை முதலில் முடித்துவிடுவோம். 110 டாலர் கட்டினால், வெல்லும்போது அதற்கு மேல் கிடைப்பது 100. அந்த வித்தியாசம்தான் பந்தய நிறுவனத்தின் தரகு. உங்கள் 47 வெற்றிகளுக்கு 4,700 டாலர் வந்தது. 43 தோல்விகளுக்கு 4,730 போனது. நஷ்டம் முப்பது டாலர். நூற்றுக்கு 52.38 சரியாக இருந்தால்தான் கைமுதல் நிற்கும். உங்களுடையது 52.2. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் உங்கள் பக்கம் விழுந்திருந்தால் 180 டாலர் லாபம். இந்தக் கடிதமும் வந்திருக்காது. அதற்காக 47ஐ நினைத்துப் பெருமைப்படவும் வேண்டாம். நாணயத்தைச் சுண்டிவிட்டுக் கட்டுகிறவனுக்கும் 90க்கு 47 கிடைப்பது அபூர்வமல்ல.

ஜெட்ஸ் ரசிகருக்கு 2023ஐ நினைவூட்டுவது கொடுமைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் அட்டவணை வந்தபோது நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் உங்கள் அணிக்கு வந்துவிட்டிருந்தார். டிசம்பர் 10 அன்று ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் உங்கள் ஊர்ப்பக்கம் ஆட வரவேண்டும். அவர்கள் முந்தைய பருவத்தில் மூன்றே ஆட்டங்கள் வென்றவர்கள். அந்தத் தேதிக்கு நேராக வெற்றி என்று எழுதாத ஜெட்ஸ் ரசிகர் யாராவது இருந்திருப்பாரா?

செப்டம்பரில், ஜெட்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே, அதாவது நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே, குதிகால் தசைநார் அறுந்து ராட்ஜர்ஸின் பருவம் முடிந்தது. அங்கே ஹூஸ்டனில் சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக் வந்து அணியைத் தூக்கி நிறுத்திவிட்டார். டிசம்பருக்குள் எல்லாம் தலைகீழ். வெல்லப்போவது டெக்ஸன்ஸ் என்பதே பொதுக்கருத்து. ஜெட்ஸுக்கு மிஞ்சியிருந்தவர் சாக் வில்சன், சில வாரங்களுக்கு முன்பு பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர். முடிவு: ஜெட்ஸ் 30, டெக்ஸன்ஸ் 6. மே மாதம் சொன்னவன் சொன்னது பலித்தது, ஆனால் அவன் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட அப்போது மிச்சமில்லை. குவார்ட்டர்பேக்குகளை எடைபோட்டு, நியாயமாகத் தன் கருத்தை மாற்றிக்கொண்டவன் தோற்றான்.

அட்டவணை பற்றி இன்னொன்று. ஒரு அணியின் 17 ஆட்டங்களில் ஆறு, நான்கு அணிகள் கொண்ட சொந்தப் பிரிவுக்குள். எட்டு, சுழற்சி முறையில் வரும் வேறு இரண்டு பிரிவுகளோடு. மீதி மூன்று மட்டுமே சென்ற ஆண்டு பிடித்த இடத்தைப் பொறுத்தவை. லீக் நமக்கு வேண்டுமென்றே கடினமான அட்டவணை கொடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்த மூன்றை வைத்துத்தான் புலம்ப வேண்டும். ஞாயிறு ஆடிவிட்டு வியாழனே மீண்டும் களமிறங்குவது, ஓய்வு வாரம் எப்போது வருகிறது, பயணத் தொலைவு: இவைதான் உண்மையிலேயே உறைக்கும் விஷயங்கள். சென்ற ஆண்டு வெற்றிக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பது, பிள்ளையின் தேர்வு முடிவை அப்பாவின் ஜாதகத்தில் தேடுவதுபோல.

குவார்ட்டர்பேக் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர் எவ்வளவு முக்கியம் என்பது பந்தய நிறுவனத்துக்கும் தெரியும், அதுதான் சிக்கல். பெரிய குவார்ட்டர்பேக் ஆடமாட்டார் என்ற செய்தி வந்த கணத்தில் எந்த அணி எத்தனை புள்ளியில் வெல்லும் என்று அவர்கள் போட்ட வித்தியாசம் நகர்ந்துவிடும். நீங்கள் கைபேசியைத் திறக்கும்போது உங்கள் ஞானம் ஏற்கெனவே அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பந்தயம் கட்டுவது எந்த அணி நல்லது என்பதன் மீதல்ல, அந்த எண் தப்பு என்பதன் மீது. இது வேறு தொழில்.

ஆடுகிறவர்களுக்கோ அந்த எண்ணோடு எந்த உறவும் இல்லை. 2018 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ், க்ரீன் பே பேக்கர்ஸைவிட 29-27 என்று முன்னே இருந்தது. கடைசி நேரத்தில் பந்தோடு பாய்ந்த டாட் கர்லி, எல்லைக்கோட்டைக் கடந்து எளிதாக டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்திருக்கலாம். கோட்டுக்குச் சில கெஜம் முன்பே வேண்டுமென்று நின்றுவிட்டார். புள்ளி எடுத்தால் பந்து எதிரணியிடம் போகும். நின்றால் கடிகாரம் ஓடி ஆட்டம் முடியும். அப்பழுக்கற்ற ஆட்ட அறிவு! ராம்ஸ் ஏழு புள்ளிக்கு மேல் வெல்லும் என்று பணம் கட்டியிருந்தவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தன் அணி வீரன் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியத்தைப் பார்த்து ஒரு ரசிகனுக்கு வயிறு எரிகிறது என்றால், அவன் எந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? உங்கள் 30 டாலரைவிட இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

பார்லே வேண்டாம். மூன்றும் சரியாக வர எட்டில் ஒரு வாய்ப்பு. நியாயமாக 100 டாலருக்கு 700 லாபம் கிடைக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 600. ஒவ்வொரு ஆட்டத்திலும் கொடுக்கிற தரகை ஒரே சீட்டில் மூன்று தடவை கொடுக்கிறீர்கள். உங்கள் நண்பர்களுக்கு அந்த ஆசையைக் காட்டிய பந்தய நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவைத் திறந்ததே உங்கள் மாநிலம் நடத்திய வழக்கில்தான். அதன் பிறகு பந்தய விளம்பரத்துக்குத் தப்பி அங்கே ஒரு ஆட்டமும் பார்க்க முடிவதில்லை.

விவாதத்தை விடாதீர்கள். பருவத் தொடக்கத்தில் நண்பர்கள் ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, வாரம் ஐந்து கணிப்பு எழுதி, ஜனவரியில் யாருக்கு அதிகம் சரியோ அவருக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். நடுவில் தரகு இல்லை. 47 எடுத்தால் அங்கே ஒருவேளை நீங்களே முதல். ஜெட்ஸ் ஆட்டங்களை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ரசிகன் தன் அணியைக் கணிக்கும் லட்சணம் எனக்குத் தெரியும்.