மக்காத கற்பூர இலையும் வெளிறிய கோஸ் நாற்றும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே அரை ஏக்கரில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறோம். நடவுக்கு முன் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைகளை அள்ளிப் போட்டு மண்ணோடு கொத்திவிட்டோம். நான்கு மாதமாகியும் இலை இலையாகவே கிடக்கிறது. நாற்றுகளும் வெளிறி நிற்கின்றன. மேட்டுப்பாளையத்தில் என் அக்கா தோட்டத்துத் தழை சீக்கிரமே மக்கிவிடுகிறது. எங்கள் மண்ணில் நுண்ணுயிர்கள் செத்துவிட்டனவா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சாகவில்லை, அம்மா. பாதி புதைந்த ஓர் இலையை மண்ணிலிருந்து மெல்லப் பெயர்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். நரம்புகளை ஒட்டி வெள்ளை நூல்போல் ஏதேனும் படர்ந்திருந்தால், அது பூஞ்சை இழை. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நுண்ணுயிருக்கு வாய் கிடையாது. அது தன் நொதிகளை வெளியே சுரந்து, இலையைக் கிடக்கும் இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. சர்க்கரையும் மாவுச்சத்தும் சில நாட்களில் தீர்ந்துவிடும். நார்ப்பொருளான செல்லுலோஸுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். இலைக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைக்கவோ பெரும்பாலும் சில வகைப் பூஞ்சைகளால்தான் முடியும். கற்பூர இலையில் இவற்றோடு தைலமும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்திருப்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது.

குளிரும் ஒரு காரணம். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்திலும் கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டரிலும் உள்ளன. வெப்பநிலையில் கிட்டத்தட்ட 10 பாகை வேறுபாடு உண்டு. அந்த அளவுக்கு வெப்பம் குறைந்தால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதை நான் குறையாகக் கருதவில்லை. மலையின் மேல்மண் கறுத்து மட்கு நிறைந்திருப்பதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம்.

நாற்று வெளிறுவதுதான் உடனே கவனிக்க வேண்டியது. நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறக்குறைய 8 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. மூச்சுவிடுவதில் செலவாகும் கரிமத்தையும் சேர்த்தால், அதன் உணவில் ஒன்றுக்கு 24 என்ற அளவு பொருந்தும். மாட்டுச்சாணமும் பீன்ஸ் கொடியும் இந்த அளவுக்குள் அமைகின்றன. நெல் வைக்கோலில் கரிமம் 80 பங்கு வரை போகும், மரத்தூளில் பல நூறு. காய்ந்த கற்பூர இலையிலும் கரிமம் மிகுதி என்பதால், பற்றாத தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள, பக்கத்திலேயே நிற்கும் கோஸ் வேருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவை மடியும்போது அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும். ஆனால் உங்கள் பயிர் அதுவரை காத்திருக்காது. ஆகவே இப்போதே தழைச்சத்தைச் சிறிதளவு மேலுரமாக இடுங்கள். அடுத்த முறை இலையை நேரே புதைக்காமல், சாணம், பீன்ஸ் கொடி, கேரட் தழை ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டி, நிறம் மாறி உதிரத் தொடங்கிய பிறகே தோட்டத்தில் சேருங்கள். மண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நம் மலை மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை மிகுந்தது, அதில் பூஞ்சை தாக்குப்பிடிக்கும் அளவுக்குப் பாக்டீரியா தாக்குப்பிடிப்பதில்லை. கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால், புளிப்பைத் தணிக்க டோலமைட் சுண்ணாம்பு இட வேண்டியிருக்கும்.

கேள்வி: வேர் தடித்து வீங்கிப்போன கோஸ் செடிகளையும் இப்படிக் குவித்து மக்க வைக்கலாமா?
– வாசகர், கேத்தி

பதில்: கூடாது. வேரை அப்படி வீங்கவைக்கும் நோயின் (கிளப் ரூட்) வித்துகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வீட்டுக் குவியலில் எழும் சூடு அவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது. செடிகளை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண் சிந்தாமல் சாக்கில் கட்டி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்; மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறக்க வேண்டாம்.