வணிகத் தடையும் முற்றுகையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கியூபாவைப் பற்றிய ஒரு வரலாற்றுக் கட்டுரையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘எம்பார்கோ’ (embargo) என்று வரும் இடங்களில் ‘வணிகத் தடை’ என்று எழுதினேன். அதைப் பார்த்த நண்பர் ‘பொருளாதாரத் தடை’ என்பதே வழக்கு என்றார். இன்னொருவர் ‘முற்றுகை’ என்று திருத்தினார். 2023இல் அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோதும் சிலர் அதை ‘வணிகத் தடை’ என்றே எழுதினார்கள். இவையெல்லாம் ஒன்றுதானா? எதை எங்கே எழுதுவது?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

இவை ஒன்றல்ல. உங்கள் கட்டுரைக்கு நீங்கள் முதலில் எழுதிய ‘வணிகத் தடை’யே சரி என்பது என் கருத்து. நாளிதழ்கள் நீண்டகாலமாக எல்லாவற்றையும் ‘பொருளாதாரத் தடை’ என்ற ஒரே பெயரில் எழுதிவருவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஒரு நாட்டின் தலைவர்களுடைய வங்கிக் கணக்கை முடக்குவதும், அந்த நாட்டுக்கு ஆயுதம் விற்க மறுப்பதும், அதனுடன் எந்தப் பொருளையும் வாங்கவோ விற்கவோ கூடாதெனத் தன் குடிமக்களுக்கு ஓர் அரசு சட்டம் போடுவதும் பொருளாதாரத் தடைகளே. அவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் வணிகத் தடை. ஆகவே உங்கள் முதல் நண்பர் சொன்னது தவறில்லை, ஆனால் அது பொதுப்பெயர்.

‘எம்பார்கோ’ ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். கடனுக்காகச் சொத்தை ஜப்தி செய்வதையும் ஸ்பானியர்கள் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது முதலில் துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும் அரசாணையைக் குறித்தது. 1807 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் கொண்டுவந்த சட்டம் இந்தப் பழைய பொருளுக்கு நல்ல சான்று. பிரிட்டனும் பிரான்சும் போரிட்டுக்கொண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துவந்ததால், அவ்விரு நாடுகளையும் பணியவைக்க நினைத்த ஜெஃபர்சன் தன் நாட்டுக் கப்பல்களே வெளிநாடு செல்லக் கூடாதென்று ஆணையிட்டார். 1807இல் சுமார் 10.8 கோடி டாலராக இருந்த அமெரிக்க ஏற்றுமதி மறு ஆண்டில் 2.2 கோடிக்குச் சரிந்தது. அதிகம் நொந்தவர்கள் அவருடைய சொந்த நாட்டுத் துறைமுகத்துக்காரர்கள். அக்காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்றில், பிரிட்டிஷ் கப்பலுக்குப் பீப்பாய் சுமந்துபோகும் வணிகனின் காற்சட்டையை ஓர் ஆமை பின்னாலிருந்து கவ்வியிருக்கும். அந்த ஆமைக்கு இட்ட பெயர் ‘ஓகிராப்மீ’ (ograbme). ‘எம்பார்கோ’வின் எழுத்துகளைத் தலைகீழாக வைத்தால் ஆங்கிலத்தில் ‘ஓ, என்னைப் பிடி’ என்று வரும். 1809 மார்ச்சில் சட்டம் கைவிடப்பட்டது.

வணிகத் தடையின் அடிப்படை இந்த நிகழ்விலேயே தெரிகிறது. ஓர் அரசு தன் ஆளுகைக்கு உட்பட்டவர்களைத் தடுக்கிறது. பிறருடைய கப்பலை வழிமறித்தால் அது முற்றுகை. பன்னாட்டுச் சட்டத்தில் அது போர்ச்செயல். ஐ.நா. சாசனமும் பொருளாதார உறவுகளைத் துண்டிப்பதை 41ஆம் பிரிவிலும், முற்றுகையைப் படைபலம் பற்றிய 42ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது. 1962 அக்டோபரில் கியூபாவுக்கு ஏவுகணை கொண்டுசெல்லும் சோவியத் கப்பல்களை மறிக்கக் கடற்படையை அனுப்பிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, தொலைக்காட்சி உரையில் ‘முற்றுகை’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதற்கு வழங்கும் ‘குவாரண்டைன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு பிப்ரவரியில் கியூபா மீது அவர் பிறப்பித்திருந்த வணிகத் தடை வேறு ஆணை. அந்த மறிப்பு நவம்பரில் விலக்கப்பட்டது. வணிகத் தடை இன்னும் நீடிக்கிறது. உங்கள் கட்டுரையில் இரண்டும் வருமானால், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

ஆயினும், உங்கள் இரண்டாவது நண்பர் ‘முற்றுகை’ என்றதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கியூப அரசும் மக்களும் முற்றுகை என்று பொருள்படும் ‘புளொக்கேயோ’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். இந்தத் தடையை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை மீண்டும் மீண்டும் நிறைவேற்றிவரும் தீர்மானத்தின் தலைப்பு ஆங்கிலப் படியில் ‘எம்பார்கோ’ என்றும் ஸ்பானியப் படியில் ‘புளொக்கேயோ’ என்றும் இருக்கிறது. கியூபர்களின் வாதத்துக்கு வலுச்சேர்ப்பது அமெரிக்கா 1992இல் இயற்றிய சட்டம். கியூபாவில் வணிகத்துக்காக நின்ற எந்த நாட்டுக் கப்பலும், உரிமம் பெற்றாலொழிய, அடுத்த 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்கிறது அது. பிற நாட்டுக் கப்பல்காரரை இவ்வளவு தூரம் நெருக்கும் சட்டத்தை வெறும் வணிகத் தடை என்பது போதுமா என்ற கேள்வி நேர்மையானது. உங்கள் சொந்த வாக்கியங்களில் ‘வணிகத் தடை’ என்றும், கியூபர்கள் பேசும் இடங்களில் ‘முற்றுகை’ என்றும் எழுதுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் இந்த வரையறைகளைக் கொண்டு யாரையும் திருத்த நான் உடன்படமாட்டேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின், இலங்கை அரசு தன் நாட்டின் வடக்குப் பகுதிக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் முதலான பொருள்கள் போவதைத் தடுத்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, உள்ளே எரியும் திரியின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அம்மக்கள் அதைப் ‘பொருளாதாரத் தடை’ என்றார்கள். ஓர் அரசு தன் குடிமக்களுக்கே செய்ததை இரு நாடுகளுக்கிடையிலான ‘வணிகத் தடை’ என்று மாற்றினால், நடந்ததன் கொடுமை மறைந்துவிடும். அதைப் பட்டவர்கள் இட்ட பெயர் அப்படியே நிற்கட்டும்.

அரிசி விஷயம் எளிது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது உள்நாட்டு விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காக. எந்த நாட்டையும் பணியவைக்க அல்ல. அதை ‘ஏற்றுமதித் தடை’ என்று எழுதுவதே பொருத்தம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் இஸ்ரேலை ஆதரித்தவர்களுக்கு எண்ணெய் தர மறுத்ததும் ஏற்றுமதியை நிறுத்தியதுதான், ஆனால் அதன் நோக்கம் அரசியல் என்பதால் அது வணிகத் தடை. மக்கள் தாமே முன்வந்து ஒரு பொருளை வாங்க மறுப்பதற்குச் சுதேசி இயக்க நாள்களிலிருந்து ‘பகிஷ்காரம்’ என்ற சொல் இருக்கிறது. இப்போது ‘புறக்கணிப்பு’ என்கிறோம். அதில் அரசாணை எதுவும் இல்லை.

மற்றொன்று, நீங்கள் கேட்காதது. ‘தடை விதிக்கப்பட்டது’ என்று வாக்கியத்தை முடிக்கும் பழக்கத்தை இந்தக் கட்டுரையிலாவது விட்டுவிடுங்கள். யார், யார் மீது, எந்தப் பொருளுக்கு விதித்தார்கள் என்பதை ஒரு முறையேனும் முழுமையாக எழுதினால், பிறகு ‘தடை’ என்று மட்டும் எழுதினாலும் வாசகருக்குப் புரியும்.

அன்புடன்.