சபை மாற்றக் கடிதத்துக்கு 300 டாலரா?

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) குடும்பம். கணவர் வேலைக்காக வட கரோலினா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள எபிஸ்கோப்பல் சர்ச்சுக்கு ஐந்தாறு மாதமாகப் போகிறோம். அன்பாக நடத்துகிறார்கள். கைக்குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுக்க ஆசை. ஆனால் இங்கே தெரிந்தவர் ஒருவர், “ஊர்ச் சபையிலிருந்து மாற்றக் கடிதம் வராமல் சேர்க்கமாட்டார்கள், பேராயர் கையெழுத்தும் வேண்டும், 300 டாலர் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்” என்கிறார். அப்படி வாங்கினால் ஊரில் எங்கள் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். போன வாரம் பிளெட்ஜ் கார்டு என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எட்டு வயது மகள் நற்கருணை வாங்கலாமா என்றும் தெரியவில்லை. கணவர் இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) வளர்ந்தவர். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. அப்புறம் என்னோடு எங்கள் கோவிலுக்கு வந்தார், முறையாகச் சேரவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, முதலில் அந்த 300 டாலரைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

எபிஸ்கோப்பல் திருச்சபையின் சட்டம் உறுப்பினர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் ஞானஸ்நானம் பெற்றவர், அது எந்தக் கிறிஸ்தவச் சபையில் நடந்திருந்தாலும் சரி, அந்த விவரம் இங்குள்ள பதிவேட்டில் ஏறிவிட்டால் அவர் உறுப்பினர். உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை போனில் படம் எடுத்து ரெக்டரிடம், அதாவது இங்குள்ள சபை ஆயரிடம் காட்டுங்கள். பெரும்பாலான இடங்களில் வேலை அதோடு முடிந்தது. பேராயர் கையெழுத்து என்பது அந்த நண்பரின் சொந்தச் சேர்க்கை.

போதாததற்கு, நீங்கள் அவர்களுக்கு அந்நியரும் அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய தென்னிந்திய திருச்சபையும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பவை. இவர்கள் பீடத்தில் அவர்களும் அவர்கள் பீடத்தில் இவர்களும் நற்கருணை வாங்கலாம். ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகொடுத்து சமாதானம் சொல்கிறார்களே, அந்த வழக்கத்தை மேற்கத்திய சபைகள் மறுபடி கையிலெடுத்ததில் 1950-இல் நம் சி.எஸ்.ஐ. வெளியிட்ட ஆராதனை முறைமைக்குப் பெரிய பங்கு உண்டு. இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைய தரகர் எதற்கு?

ஆனால் தரகர்கள் இருக்கிறார்கள், பெருகிக்கொண்டும் இருக்கிறார்கள். இவர்கள் செய்வது இவ்வளவுதான்: ஊரில் ஒருவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள், அவர் சபை ஆபீசில் போய் நிற்பார், ஆயர் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதித் தருவார். அதை நீங்களே மின்னஞ்சலில் கேட்கலாம். பதில் வரத் தாமதமாகும், அதை நானும் மறுக்கவில்லை. பதிவேடு பீரோவில் இருக்கும், பீரோ சாவி செயலரிடம் இருக்கும், செயலர் சபை எலெக்ஷன் வேலையாக வெளியூரில் இருப்பார். நம் சபைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் வக்கீலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியைச் செலவழித்து இந்தப் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருந்தால், இந்தத் தரகர்களில் பாதிப்பேர் பிழைப்புக்கு வேறு வழி தேடியிருப்பார்கள். யார் செய்வது?

தரகர்களில் ஆபத்தான ரகமும் உண்டு. ‘சபை உறுப்பினர் கடிதம் இருந்தால் மதப் பணியாளர் விசாவுக்கு மாறலாம்’ என்று சொல்பவர்கள் இவர்கள். அந்த விசாவுக்கு அதே சபைப் பிரிவில் குறைந்தது இரண்டு வருட உறுப்பினர் காலமும், உண்மையான சபை வேலையும் வேண்டும். பொய்க் கடிதம் பிடிபட்டால் உங்கள் கணவரின் இப்போதைய விசாவும் சேர்ந்து ஆடும். இந்தப் பேச்சை யாராவது எடுத்தால் காபியைக் குடித்து முடிக்காமலேயே எழுந்துவிடுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். சர்ச் பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் ஏறியதும், ரெக்டர் பெயரில் ஒரு கடிதம் வரலாம்: ‘மீட்டிங்கில் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் ஒரு ஏழைக்கு அவசரம், நான்கு கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்னால் உள்ள எண்ணைச் சுரண்டி அனுப்புங்கள்.’ அனுப்புகிறவர் ரெக்டர் இல்லை. ஏழைகளுக்கு உதவ ரெக்டர் கையில் தனி நிதியே இருக்கிறது, அவர் கிஃப்ட் கார்டு கேட்கவேண்டிய அவசியமில்லை. புதிதாக வந்தவர்கள்தான், ‘ஐயா கேட்டு எப்படி மறுப்பது’ என்று ஓடிப்போய் வாங்கி ஏமாறுகிறார்கள். அனுப்பிய முகவரியைப் பாருங்கள், ஆபீசுக்கு போன் போடுங்கள்.

மாமியாருடைய பயத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. மாற்றக் கடிதம் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. ஒரு சபையை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்கானது, அதை வாங்கினால் பழைய சபை உங்களைச் செயலில் உள்ளவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதனால் ஊர் ஆயரிடம் மாற்றக் கடிதம் என்று கேட்காதீர்கள். அறிமுகக் கடிதம் என்று கேளுங்கள்: இன்ன தேதியில் ஞானஸ்நானம், இன்ன தேதியில் திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), இப்போதும் எங்கள் சபையார். மூன்று வரி போதும். ஊர்ச் சந்தாவை வழக்கம்போலக் கட்டிவாருங்கள், பாக்கி வைத்தால்தான் அங்கே பேச்சு வரும். பின்னாளில் மகளுக்கு ஊரில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க (கல்யாண அறிவிப்பைச் சபையில் படிக்க) இங்கிருந்து கடிதம் கேட்பார்கள். ஓலை வாசிப்பது இங்கே கட்டாயம் இல்லாவிட்டாலும் அதற்கான வாசகம் இவர்களுடைய 1979 ஜெப புத்தகத்தில் இருக்கிறது. ரெக்டரிடம் சொன்னால் வாசித்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

பிளெட்ஜ் கார்டைப் பார்த்து மிரள வேண்டாம். வரும் ஆண்டில் ஏறக்குறைய எவ்வளவு காணிக்கை தருவீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் தாள் அது. வெஸ்ட்ரி என்கிற சபைக் கமிட்டி அதை வைத்து பட்ஜெட் போடும். வேலை போனால் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம், யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். எழுதாவிட்டால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பதெல்லாம் கட்டுக்கதை.

இனி உங்கள் கணவர். எல்லோரும் தாண்டிப் போய்விடும் விஷயம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இரட்சணிய சேனையில் ஞானஸ்நானம் கிடையாது, நற்கருணையும் கிடையாது. குழந்தையைக் கொடியின் கீழ் பிரதிஷ்டை செய்வார்கள், பெரியவனானதும் சேனை வீரனாக உறுதிமொழி எடுப்பார்கள். நல்ல விசுவாசிகள், கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தண்ணீர் இல்லை. ஆகவே எபிஸ்கோப்பல் சட்டப்படி அவர் இன்னும் உறுப்பினராக முடியாது. ஞானஸ்நானம் பெறாதவர் நற்கருணை வாங்கத் தகுதியில்லை என்றும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். சட்டம் அப்படிச் சொல்ல, பல பங்குகளின் ஞாயிறு புல்லட்டினில் ‘யாராக இருந்தாலும் எங்கள் மேசைக்கு வாருங்கள்’ என்று அச்சடித்திருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடும் பொது மாநாடு சட்டத்தையும் மாற்றவில்லை, புல்லட்டினையும் திருத்தச் சொல்லவில்லை. இடையில் மாட்டிக்கொள்வது உங்கள் கணவரைப் போன்ற நேர்மையான ஆள். அவர் இத்தனை மாதமாக வாங்கியிருந்தாலும் யாரும் குற்றம் சாட்டப்போவதில்லை, அதற்காகக் கலங்க வேண்டாம். ரெக்டரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு உள்ளதைச் சொல்லட்டும். சிறுவயதில் பாட்டி வீட்டுச் சபையில் யாரோ தண்ணீர் ஊற்றியதாகக் கேள்வி, சான்று இல்லை என்பதுபோல ஏதாவது இருந்தால் அதையும் சொல்லட்டும். ‘நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’ என்று தொடங்கும் நிபந்தனை முறை ஒன்று ஜெப புத்தகத்தில் இதற்கென்றே இருக்கிறது. ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் எடுத்த பெந்தெகொஸ்தேகாரர்களும் இதேபோல முதலில் ரெக்டரிடம் பேசிவிட வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக நாமம் இல்லாததால் அதைப் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். எதுவுமே இல்லையென்றால் அப்பாவும் குழந்தையும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெறலாம். அப்படி நடப்பது புதிதல்ல, பார்க்க அழகாகவும் இருக்கும்.

மகள் நற்கருணை வாங்கலாம். நம் ஊரில் திடப்படுத்தல் முடியும்வரை காத்திருந்தோம். இங்கே ஞானஸ்நானமே முழு அனுமதி. பீடத்துக்கு முன் முழங்காலிட்டு வலது கையை இடது கைமேல் விரித்து வைத்தால் அப்பம் வரும். அடுத்து வரும் பாத்திரத்தில் இருப்பது நிஜமான திராட்சரசம், சாராயச் சத்து உள்ளது. வேண்டாமென்றால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே முழு நற்கருணை. ஊர்ப் பழக்கப்படி காத்திருக்க வைப்பதென்றால் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். உங்களுக்குப் பேராயர் கையால் திடப்படுத்தல் ஆகியிருந்தால் மறுபடி தேவையில்லை. இங்குள்ள பேராயர் வரும்போது ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்று ஒன்று செய்வார், விரும்பினால் போகலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த கடிதத்தில் வரும் என்பதால்: வாசலில் வானவில் கொடி பறந்தால், ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களையும் வரவேற்கிறோம் என்று அர்த்தம். 2015 முதல் இந்தச் சபை ஒருபால் திருமணங்களையும் நடத்துகிறது. உங்களுக்கு அதில் கேள்வி இருந்தால் ரெக்டரிடம் நேராகக் கேளுங்கள், அதற்காக வெளியே அனுப்பமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் காரை நோக்கி ஓடாதீர்கள். ஆராதனைக்குப் பின் காபி குடிக்கும் அந்த நேரத்தில்தான் இங்கே சபை ஒன்றையொன்று தெரிந்துகொள்கிறது. பீடத்து வேலைக்கும் உணவு வங்கிக்கும் ஆள் எடுப்பது அங்கே நின்றுதான்.

குழந்தையின் தேதிக்கு வருவோம். ஈஸ்டர் முன்னிரவு, பெந்தெகொஸ்தே திருநாள், நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் நாள் அல்லது அதையடுத்த ஞாயிறு, ஜனவரியில் இயேசுவின் ஞானஸ்நான ஞாயிறு, பேராயர் வரும் நாள் என்று இவர்களுக்குச் சில நாட்கள் விசேஷம். மற்ற ஞாயிறுகளிலும் கொடுப்பார்கள், ஆனால் முக்கிய ஆராதனையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டாரோடு மட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். முன்னதாக ஒன்றிரண்டு வகுப்பு இருக்கும். ஞானப்பெற்றோர் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்கவேண்டும். ஊரிலிருந்து உங்கள் அண்ணன் வரமுடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இங்கே ஒருவர் நிற்கலாமா என்று ரெக்டரிடம் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கென்று கட்டணம் கிடையாது. முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள். அதில் குழந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். இனிஷியலை எங்கே போடுவது என்பது இவர்களுக்குப் புரியாது, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடுவார்கள். பிறகு ஊர்ப் பதிவேட்டில் அதைத் திருத்தப் போனால், மறுபடி அந்த பீரோ சாவி.