அந்தத் தளத்தை நம்பலாமா? ஓய்வுபெற்ற நூலகர் பதில்கள்

சென்னையில் நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இணையத்தில் படிப்பதை நம்பலாமா என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

கேள்வி (எம்.ஏ. வரலாறு, திருவல்லிக்கேணி): சார், மெட்ராஸ் பிறந்த நாள் 1639 ஆகஸ்ட் 22 என்று பத்துத் தளங்களில் இருக்கிறது. ஒன்றிரண்டில் ஜூலை 22. பத்துப் பேர் சொல்வதைத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தலையை எண்ணாதே தம்பி. பத்துத் தளமும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்திருந்தால் அது ஒரே தளம்தான். சந்தேகமாக இருந்தால் அதில் ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார், எழுத்துப்பிழையோடு சேர்த்து எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். உன் தேதி விஷயத்தில் நிலம் கொடுத்த ஆவணம் ஜூலை 22 என்றுதான் சொல்கிறது, ஆனால் அதை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்பதால் மாதம் தவறாக எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆகஸ்ட்தான் சரி என்று பலர் கொள்கிறார்கள். ஆகஸ்ட் என்று அடித்துச் சொல்கிற தளத்தைவிட, இப்படி ஒரு சர்ச்சை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற தளத்துக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

கேள்வி (அம்பத்தூர்): இணையதள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்தானே?

பதில்: இல்லை. நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மோசடிக்காரனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். முகவரி டாட் ஆர்க் (.org) என்று முடிவதும் அப்படித்தான், காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். டாட் கவ் டாட் இன் (.gov.in), டாட் நிக் டாட் இன் (.nic.in) இரண்டும் அரசுக்கு மட்டும். என் மைத்துனர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று தேடலில் முதலில் வந்த தளத்தில் பணம் கட்டிவிட்டு வந்தார். முதலில் வந்தது விளம்பரம், அதற்கும் அரசுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முகவரியின் வாலைப் பார்க்காமல் யாரும் கார்டு நம்பரைத் தட்டுவதில்லை.

கேள்வி (வேளச்சேரி): அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு மூலிகைப் பொடி பற்றி ஒரு தளத்தில் படித்தேன். டாக்டர் படம், ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இணைப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வாங்கம்மா. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் 10 பேர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய சங்கம், இன்னொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன சின்னக் குழு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். படித்த பேராசிரியர்களே லோகோ, வடிவமைப்பு, மேற்கோள் பட்டியல் என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றித் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை முழுசாகப் படிக்கக்கூட இல்லை, உடனே புது டேப்களைத் திறந்து இந்தச் சங்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அதே வேலை.

அப்புறம் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலியிடமா, எத்தனை பேர்? பப்மெட்டில் இருக்கிறது என்பதால் மட்டும் உண்மையாகிவிடாது, அது மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியல்தான், நற்சான்றிதழ் இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் லான்செட் என்கிற பெரிய மருத்துவ இதழிலேயே வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010-இல்தான் திரும்பப் பெற்றார்கள். உங்கள் தளத்தின் கடைசியில் ‘பொடி ஆர்டர் செய்ய’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அது கட்டுரையே இல்லை, கடை. எதுவானாலும் அம்மா சாப்பிடுகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கேள்வி (குரோம்பேட்டை): விக்கிப்பீடியா?

பதில்: நுழைவதற்கு நல்ல வாசல், அங்கேயே குடியிருக்கக் கூடாது. 2008-இல் ஒரு அமெரிக்க மாணவர் அங்கே கோட்டி என்கிற விலங்குக்கு ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்று விளையாட்டாக ஒரு பெயரைச் சேர்த்தார். பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன, பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கிப்பீடியாவுக்குச் சான்றானது! அடிக்குறிப்பைத் திறந்து படியுங்கள். மேலே ‘உரையாடல்’ என்று ஒரு தாவல் இருக்கும், சண்டையெல்லாம் அங்கேதான்.

கேள்வி (முடிச்சூர்): மழை வந்தால் குடும்ப வாட்ஸ்அப்பில் நாசா எச்சரிக்கை வருகிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: 2015 வெள்ளத்திலும் வந்தது, 250 செ.மீ. கொட்டப்போகிறது என்று. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கவே சராசரி 140 செ.மீ. சுமார்தான். அந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும். சென்னைக்கு எச்சரிக்கை கொடுப்பது நுங்கம்பாக்கத்து வானிலை மையம், நாசா இல்லை.

கேள்வி (ஆய்வு மாணவி, தரமணி): சாட்ஜிபிடி கொடுத்த நூல் பட்டியலை அப்படியே துணைநூல் பட்டியலில் போடலாமா சார்?

பதில்: வேண்டாம்மா. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அது சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்தில் அப்படியே கொடுத்தார்கள். அப்படி ஒரு வழக்கே நடந்ததில்லை, 5,000 டாலர் அபராதம். ஒவ்வொரு பெயரையும் நூலகப் பட்டியலில் தேடு. 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று. எல்லாப் பதிப்பாளர்களும் அனுப்புவதில்லை, அதனால் அங்கே இல்லை என்றதும் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. பழைய தமிழ் நூல் என்றால் உன் ஊரிலேயே ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பஸ் செலவுகூட இல்லை. இப்படித்தான் ஒரு பையன் ஏழு புத்தகம் எழுதிய சீட்டோடு என்னிடம் வந்தான், நான்கு கிடைத்தது, மீதி மூன்றும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதில் ஒன்று, ஆசிரியர் இறந்து ஒன்பது வருடம் கழித்து அவர் எழுதியதாம்.