ரிசீவர் வாங்கும்போது எந்த வாட்ஸைப் பார்ப்பது?

கேள்வி: ஹால் 12-க்கு 14 அடி. 5.1 ஸ்பீக்கர்கள் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), எல்லாம் 8 ஓம். வைஃபை, 8கே எதுவும் வேண்டாம், ஒலி சுத்தமாக இருந்தால் போதும். எந்த மாதிரி ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கலாம்?

பதில்: பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், ஒரே சேனலை மட்டும் ஓட்டி, 10 சதவீதம் வரை சிதைவை அனுமதித்து அளந்தது. ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல், 0.08 சதவீதம் சிதைவு’ என்ற வரியைத் தேடுங்கள். அதில் 80 வாட்ஸ் இருந்தால் உங்கள் ஹாலுக்குத் தாராளம். 100 வாட்ஸுக்குப் போனால் கூடுவது வெறும் 1 டெசிபல்!

மிச்சமாகும் பணத்தை அறைத் திருத்தத்துக்குக் (மைக்கால் அறையின் ஒலியை அளந்து ரிசீவரே சரிசெய்யும் வசதி) கொடுங்கள்: ஆடிசி எக்ஸ்டி32 அல்லது டிராக் லைவ் உள்ள மாடல். பேஸ் ‘கும்’மென்று குழம்பினால் குற்றவாளி பெரும்பாலும் அறைதான், ஆம்ப்ளிஃபையர் அல்ல. ப்ரீ-அவுட் (ஒலியை வேறு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் இணைப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னாளில் தனி ஆம்ப்ளிஃபையர் சேர்க்க உதவும்.

அறைத் திருத்தத்துக்கு அளக்கும்போது மைக்கை சோபாமேல் வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். முடிந்ததும் ரிசீவர் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று பதிந்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (இதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.